சோழவரமும் ஒரு பித்தளை ஜெட்டும்

இப்போ பைக் வாங்குற பசங்ககிட்ட கார்புரேட்டர்னு சொன்னா, கிராமபோன் பெட்டியைச் சொன்ன மாதிரி பார்க்கிறாங்க. 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 வந்ததிலிருந்து புது வண்டிகள்ல பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன்தான். எவ்வளவு காத்து, எவ்வளவு பெட்ரோல்னு ஒரு சின்னப் பெட்டி தானே கணக்குப் போட்டுக்குது. தப்பே இல்லைங்க, மைலேஜும் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கணக்கை மனுஷன் கையாலயும் காதாலயும் மூக்காலயும் போட்ட காலம் ஒண்ணு இருந்தது. பிளஸ் டூ முடிச்சுட்டு நிலத்துக்குத் திரும்பறதுக்கு முன்னாடி, நாலு வருஷம் சேலத்துல ஒரு டூவீலர் பட்டறையில நான் கைவேலை பார்த்தேன். அந்தக் காலத்தோட வால்பகுதியைத் தொட்டுப் பார்த்தவன்னு சொல்லலாம். வெங்காயம், மரவள்ளி, மக்காச்சோளம்னே எழுதிட்டிருந்த ஆள் இன்னிக்கு ஜெட்டைப் பத்தி எழுதுறானேன்னு நினைக்காதீங்க. எங்க கிராமத்துல இன்னும் ஆர்எக்ஸ் 100 ஓடுது, அதுவும் ஊர்க்கதைதான்.

கார்புரேட்டர் செய்யுற வேலை ரொம்பச் சின்னது. மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயரைப் பார்த்திருக்கீங்களா? காத்து வேகமாப் போற குழாய்க்குள்ள ஒரு சின்ன ஓட்டை வழியா மருந்து வரும். காத்தோட வேகமே அதை இழுத்துத் தூள் தூளா உடைச்சுத் தெளிக்கும். கார்புரேட்டரும் அதேதான். நடுவுல ஒடுங்கின ஒரு குழாய். ஒடுங்கின இடத்துல காத்து வேகம் எடுக்கும், அழுத்தம் குறையும், கீழே கிண்ணத்துல இருக்கிற பெட்ரோல் ஜெட் வழியா மேலே ஏறிப் பனி மாதிரி கலக்கும். 1893-லயே ஹங்கேரியில பாங்கி, சொங்கான்னு ரெண்டு இன்ஜினியருங்க இதுக்குக் காப்புரிமை வாங்கிட்டாங்க. கிட்டத்தட்ட அதே சமயத்துல ஜெர்மனியில மேபாக் இதே மாதிரி ஒண்ணு செஞ்சார்.

மோட்டார் சைக்கிள் பக்கம் வந்தா முதல்ல நிக்கிற பேரு அமல். 1927-ல இங்கிலாந்துல மூணு கார்புரேட்டர் கம்பெனிங்க ஒண்ணாச் சேர்ந்து உண்டானது. நம்ம பழைய புல்லட் வச்சிருக்கிறவங்களுக்கு இந்தப் பேரு நல்லாத் தெரியும். இந்த அமல்கிட்ட லைசென்ஸ் வாங்கித்தான் ஜப்பான் மிகுனி மோட்டார் சைக்கிள் கார்புரேட்டர் செய்ய ஆரம்பிச்சது. ஆக, ஆர்எக்ஸ் 100-ல இருக்கிற மிகுனிக்குத் தாத்தா ஊரு பர்மிங்காம்.

ஆனா டூ ஸ்ட்ரோக் வேகத்தோட கதை இங்கிலாந்துல நடக்கல. கிழக்கு ஜெர்மனியில சோப்பாவ்னு ஒரு சின்ன ஊரு. அங்க எம்செட் கம்பெனியில வால்டர் காடன்னு ஒரு இன்ஜினியர். கையில பணம் கிடையாது, நல்ல இரும்பு கிடைக்காது. அவர் சைலன்சர் குழாயைப் பிடிச்சுக்கிட்டார். டூ ஸ்ட்ரோக்ல ஒரு குறை உண்டு. புகை வெளியே போற நேரத்துலயே புதுக் கலவையும் உள்ளே வரும், கொஞ்சம் எரியாமலே வெளியே ஓடிரும். கிணத்துக்குள்ள எட்டிப் பார்த்துக் கத்தினா சத்தம் திரும்பி வருமில்லையா, அதே மாதிரி புகையோட அழுத்த அலையும் குழாய்க்குள்ள போய் முட்டித் திரும்பி வரும். குழாயை நடுவுல பருத்து கடைசியில ஒடுங்கினாப்ல சரியான நீளத்துல செஞ்சா, வெளியே ஓடின கலவையை அந்த அலையே திரும்ப சிலிண்டருக்குள்ள தள்ளிரும். 1961-ல அவரோட 125 சிசி எஞ்சின் 25 குதிரைசக்தி கொடுத்தது. ஒரு லிட்டருக்கு 200 குதிரைன்னு கணக்கு வருது. அன்னிக்கு உலகமே வாயைப் பிளந்தது.

அதே 1961 செப்டம்பர்ல, ஸ்வீடன் ரேஸுக்குப் போன அவரோட ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர் திரும்பி வரவே இல்லை. மனைவி குழந்தைகளை ஒரு கார் டிக்கியில ஒளிச்சு எல்லை தாண்டிக் கொண்டு வந்துட்டாங்க. டெக்னர் நேரா ஜப்பான் சுசுகிக்குப் போனார். 1962-ல 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. டூ ஸ்ட்ரோக் வண்டி வாங்கின முதல் உலகப் பட்டம் அதுதான். காடன் சோப்பாவ்லயே இருந்துட்டார். எனக்கு இதுல காடன் பக்கம்தான் மனசு சாயுது. பாடுபட்டு விதையைத் தேறினவன் ஒருத்தன், அறுத்துட்டுப் போனவன் இன்னொருத்தன்.

அப்புறம் அந்த சுசுகி ஓசூருக்கு வந்தது. 1984-ல இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100. அடுத்த வருஷமே எஸ்கார்ட்ஸ் கூட்டுல யமஹா ஆர்எக்ஸ் 100. அதுக்கு முன்னாடியே 1983-ல ராஜ்தூத் 350, எல்லாரும் ஆர்டி 350-ன்னு சொல்ற வண்டி. ஜாவா, எஸ்டி, புல்லட்னு இருந்த ஊருக்குள்ள இந்தச் சின்ன 98 சிசி வண்டி 11 குதிரைசக்தியோட வந்து, கிக்கரை ஒரு மிதி மிதிச்சா உறுமிட்டு நின்னது. சோப்பாவ்ல பொறந்த அறிவு சுத்தி வளைச்சு நம்ம ரோட்டுக்கு வந்து சேர 20 வருஷத்துக்கு மேல ஆச்சு.

சோழவரத்தைப் பத்தி சென்னைக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. செங்குன்றம் தாண்டி, ரெண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுபாதை. 1953-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்க வருஷா வருஷம் ரேஸ் நடத்துச்சு. கோயமுத்தூர் கரிவரதன் மாதிரி ஆளுங்க ஓட்டின இடம். 1990-ல இருங்காட்டுக்கோட்டையில தனி டிராக் வந்ததும் சோழவரம் ஓய்ஞ்சுது. எங்க மேஸ்திரி அதுக்கு முன்னாடி பல வருஷம் யாராவது ஒரு பையனோட வண்டிக்கு வேலை பார்க்க அங்க போயிட்டு வந்தவர். ஜெயிச்சுக் கோப்பை வாங்கின கதை எதுவும் அவர்கிட்ட இல்ல. எந்த வண்டியில எந்த நம்பர் ஜெட், காலையில எது, மத்தியானம் எதுன்னு ஒரு மளிகைக் கணக்கு நோட்டுல பென்சில்ல எழுதி வச்சிருந்தார்.

ஏன் காலைக்கும் மத்தியானத்துக்கும் ஜெட் மாத்தணும்? காலையில குளிர்ந்த காத்து கெட்டியா இருக்கும். மத்தியானம் சூடேறினா லேசாயிரும். 24 டிகிரியில இருந்து 32 டிகிரிக்குப் போனா காத்தோட கனம் சுமார் 3 சதவீதம் குறையும். ரோட்டு வண்டிக்கு அது ஒண்ணுமே இல்ல. ஆனா ரேஸுக்கு டியூன் பண்ணின டூ ஸ்ட்ரோக் கத்தி முனையில நிக்கிற மாதிரி. பெட்ரோல் கொஞ்சம் கூடினா வண்டி மந்தமாயிரும், கொஞ்சம் குறைஞ்சா பிஸ்டன் போயிரும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாச் சொல்றேன், ஏன்னா முழு விஷயமும் இங்கதான் இருக்கு. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்கு ஆயில் கீழே தொட்டியில தனியா இருக்கு. டூ ஸ்ட்ரோக்குக்கு உள்ளே போற பெட்ரோல் கலவையோட போற ஆயில்தான் எல்லாம். பிஸ்டன் சூட்டைக் கொஞ்சம் தணிக்கிறதும் அந்தப் பெட்ரோல்தான். பெட்ரோல் குறைஞ்சா, நாங்க லீன்னு சொல்வோம், சூடு ஏறும். அலுமினிய பிஸ்டன் விரிஞ்சு சிலிண்டர் சுவத்தைப் பிடிச்சுக்கும். 80-ல போற வண்டியோட பின்சக்கரம் ஒரு நொடியில பூட்டுப் போட்ட மாதிரி நின்னுரும். அதனாலதான் டூ ஸ்ட்ரோக் ரேஸ் ஓட்டுறவங்க எப்பவும் ரெண்டு விரலைக் கிளட்ச் மேலேயே வச்சிருப்பாங்க. இதுல வம்பு என்னன்னா, பிடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் எஞ்சின் ரொம்ப அருமையா ஓடும். லேசா, கூர்மையா, பிச்சுக்கிட்டுப் போகும். ஓட்டுறவனுக்கு ஆகா, இன்னிக்கு வண்டி சூப்பரா இருக்கேன்னு தோணும்.

பட்டறையில நான் இருந்தப்போ ஒரு காலேஜ் பையன் ஆர்எக்ஸ் 100-க்கு வயிறு பருத்த ரேஸ் சைலன்சர் வெளியூர்ல மாட்டிட்டு வந்தான். ஜெட்டைத் தொடவே இல்ல. சங்ககிரி ரோட்டுல வண்டி பிடிச்சுத் தூக்கி அடிச்சு, தொடை எலும்பு உடைஞ்சு ஒரு வருஷம் படுத்தான். காடனோட குழாய் என்ன செய்யும்? சிலிண்டருக்குள்ள அதிகக் காத்தை இழுக்கும். காத்து கூடினா பெட்ரோலும் கூடணும். குழாயை மாத்தினா மெயின் ஜெட்டையும் பார்த்தே ஆகணும். எஞ்சின் சுத்துற வேகத்துக்குக் குழாயோட அலை ஒத்துப்போற அந்த ஒரு எல்லையிலதான் பசி திடீர்னு கூடும். அது தெரியாம முறுக்கினா அவ்வளவுதான்.

போன பொங்கலுக்கு என் அக்கா பையன் கோயமுத்தூர்ல இருந்து வந்திருந்தான். பழைய ஆர்எக்ஸ் ஒண்ணை நல்ல விலைக்கு வாங்கி, சிலிண்டர் போர்ட்டை ராவி, சைலன்சர் மாத்தி வச்சிருக்கான். “மாமா, 28 எம்எம் கார்புரேட்டர் வாங்கிட்டேன்”னான்.

“எதுக்கு மாப்ள?”

“பெருசா இருந்தா நிறைய காத்து போகும்ல மாமா.”

இதைத்தான் 35 வருஷமா எல்லாப் பசங்களும் சொல்றாங்க. காகிதத்துல போட்டுக் காட்டினேன். கம்பெனி கொடுத்தது 20 எம்எம். வட்டத்தோட பரப்பு 314 சதுர மில்லிமீட்டர். 24 எம்எம்னா 452. 28-ன்னா 616, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதே 98 சிசி எஞ்சின் ரெண்டு மடங்கு வாய் வழியா மூச்சு விட்டா காத்தோட வேகம் பாதியாயிரும். தோட்டத்து ஹோஸ் பைப்பு வாயைக் கட்டைவிரலால அழுத்தினா தண்ணி பாயும், விட்டா அங்கேயே சொத்துன்னு விழும். காத்துக்கு வேகம் இல்லேன்னா ஜெட்டுல இருந்து பெட்ரோலை இழுக்கத் தெம்பு இருக்காது. இழுத்தாலும் பனியா உடையாது, சொட்டா விழும். டாப் ஸ்பீடுல ஒருவேளை கொஞ்சம் லாபம் கிடைக்கலாம். ஆனா சந்தைப்பேட்டை முக்குல ஆக்சிலேட்டரைத் திருப்பினா வண்டி “ம்ம்ம்”னு முக்கும். ரேஸ் வண்டிக்குக் கீழ் வேகமே கிடையாது, அதனால பெரிய வாய் சரி. யமஹா டிஇசட் 350 ரேஸ் வண்டியில ஒவ்வொரு சிலிண்டருக்கும் 34 எம்எம் இருந்தது. அந்த வண்டி சந்தைக்குக் காய் எடுத்துட்டுப் போகல.

கடைசியில 24-க்குச் சம்மதிச்சான். நல்ல அளவுன்னுதான் நான் இன்னும் நினைக்கிறேன். ராவின சிலிண்டருக்கு மூச்சும் கிடைக்கும், பஸ் ஸ்டாண்டுலயும் ஓட்டலாம்.

செட் பண்ணினது மேஸ்திரி முறையிலதான். அவர் முதல்ல கார்புரேட்டரைத் தொடவே மாட்டார். எங்கேயாவது காத்து ஒழுகுதான்னு பார்ப்பார். கிராங்க் ஆயில் சீல், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்கிற ரப்பர், அதோட கிளிப்பு. எஞ்சின் ஓடிட்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டாலும் சத்தம் இறங்காம மேலேயே நின்னா எங்கேயோ காத்து திருட்டுத்தனமா உள்ளே போகுதுன்னு அர்த்தம். அதைச் சரி பண்ணாம ஜெட் மாத்துறது, மடை உடைஞ்ச வயலுக்குத் தண்ணி கட்டுற மாதிரி. அப்புறம் மிதவை உயரம். கிண்ணத்துல பெட்ரோல் மட்டம் மாறினா மத்த எல்லாக் கணக்கும் மாறும்.

அதுக்கப்புறம்தான் மெயின் ஜெட். தேவைக்கு மேல பெருசா ஒண்ணைப் போட்டு ஆரம்பிச்சு, படிப்படியாச் சின்னதாக்கிக்கிட்டு வரணும். சின்னதுல இருந்து பெருசுக்குப் போகக் கூடாது, போற வழியில பிஸ்டன் பிடிச்சுக்கும். பெருசா இருக்கும்போது முழு முறுக்குல வண்டி கட கடன்னு, ஒரு சுத்து விட்டு ஒரு சுத்து எரியற மாதிரி அடிக்கும். ஒவ்வொரு படியாக் குறைக்கக் குறைக்க அது தெளியும். தெளிஞ்ச இடத்துல நிறுத்தி, ஒரு படி திரும்பப் பெருசு போட்டுரணும். ஒரு கம்பெனி 100-ம் இன்னொரு கம்பெனி 100-ம் ஒண்ணு இல்லைங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கணும்.

மெயின் ஜெட் பேசுறது முக்கால் முறுக்குக்கு மேலதான். கால்ல இருந்து முக்கால் வரைக்கும் ஊசி. ஸ்லைடு மேலே ஏற ஏற, கூர்மையான ஊசியும் ஏறி ஓட்டையைத் திறந்து விடும். ஊசி மேல வரி வரியா வெட்டு இருக்கும், அதுல ஒரு சின்ன கிளிப்பு. கிளிப்பைக் கீழ் வெட்டுல போட்டா ஊசி உசரும், பெட்ரோல் கூடும். ஒரு வெட்டு மாத்தினா அதிகம், மாத்தாட்டி குறைச்சல்னு வந்தா மேஸ்திரி கிளிப்புக்கு அடியில மெல்லிசா ஒரு வாஷர் போடுவார். அதுக்கும் கீழே, முறுக்கு ஆரம்பிக்கிற இடத்துல ஸ்லைடு அடியில சரிவா வெட்டின அளவு வேலை செய்யும். ஐட்லிங்குக்குப் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். மிகுனியில அந்த ஸ்க்ரூ காத்தைக் கட்டுப்படுத்துறது, அதனால உள்ளே திருகினா பெட்ரோல் கலவை கூடும். முழுசா உள்ளே திருகி ஒன்றரைச் சுத்து வெளியே எடுத்துட்டு அங்கிருந்து ஆரம்பிக்கலாம். கைப்பிடியில வெள்ளை டேப் ஒட்டி கால், அரை, முக்கால்னு பேனாவால கோடு போட்டுட்டா எந்த இடத்துல கோளாறுன்னு ஊகிக்க வேண்டாம், பார்த்துக்கலாம்.

சோழவரத்துல ஓடுபாதை நீளம், அதனால முழு முறுக்குல நேரம் அதிகம், மெயின் ஜெட்தான் ராஜா. மாப்பிள்ளை ஓட்டப் போறது கொல்லிமலையில. 70 கொண்டை ஊசி வளைவு. அங்க ஊசிதான் முக்கியம். மேலே 1,000 மீட்டருக்கு மேல காத்து பத்துல ஒரு பங்கு லேசாயிரும், வண்டி கொஞ்சம் ரிச்சா முக்கும். சில பசங்க மேலே போய்ச் சின்ன ஜெட் மாட்டி அப்படியே இறங்குவாங்க. காரவள்ளி அடிவாரம் வந்ததும் காத்து கெட்டியாயிரும், ஜெட் பத்தாது. மலைக்கு ஜெட் மாத்தாதே, முக்கினா முக்கட்டும்னுட்டேன். இறக்கத்துல ஆக்சிலேட்டரை முழுசா மூடிட்டு கியர்லயே இறங்கினா ஆயிலும் உள்ளே போகாது. அப்பப்போ கிளட்ச் பிடிச்சு ஒரு முறுக்கு முறுக்கிக்கணும்.

அந்தக் காலத்துல ஸ்பார்க் பிளக் பார்த்தே சொல்லிருவோம். முழு முறுக்குல ஓட்டிட்டு, கிளட்சைப் பிடிச்சு அதே நொடி எஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழட்டுவோம். பீங்கான் வெளுத்துச் சாம்பலா இருந்தா லீன். கரி அப்பியிருந்தா ரிச். டீ நிறம்னா சரி. 2000-ல நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் வந்ததுக்கப்புறம் அந்த நிறம் அவ்வளவு தெளிவா விழறதில்ல. பீங்கானோட அடி ஆழத்துல லென்ஸ் வச்சுப் பார்க்கணும். என் கண்ணுக்கு இப்போ அதுவும் போதல, மாப்பிள்ளை செல்ஃபோன்ல படம் எடுத்துப் பெருசு பண்ணிக் காட்டினான்.

இன்னொண்ணும் இப்போ சேர்ந்திருக்கு. பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் எரிய 14.7 கிலோ காத்து வேணும். எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். கலந்ததுக்கு சுமார் 13.5. அப்படின்னா அதே காத்துக்கு சுமார் 8 சதவீதம் கூடுதலா எண்ணெய் ஊத்தணும். இன்ஜெக்‌ஷன் வண்டிப் பெட்டி அதைச் சமாளிக்கும். 1988 மாடல் பித்தளை ஜெட்டுக்கு அது எப்படித் தெரியும்? அன்னிக்கு மேஸ்திரி நோட்டுல எழுதின நம்பரை இன்னிக்கு அப்படியே மாட்டினா லீன்தான். ஒண்ணு ரெண்டு படி பெருசு பார்க்கணும். ஆயிலை அதிகம் கலந்தா பாதுகாப்புன்னு சிலர் ஊத்துறாங்க, அதுலயும் ஒரு கண்ணி இருக்கு. ஜெட் வழியா போற அளவு அதேதான், ஆயில் கூடினா அதுல பெட்ரோல் குறையும், இன்னும் லீன் ஆகும். வண்டியை மாசக்கணக்கா நிறுத்தி வச்சா எத்தனால் ஈரத்தை இழுத்துக் கிண்ணத்துல பச்சை பிடிக்க விடும். வீட்டுல நிக்கிற வண்டிக்குக் கிண்ணத்தைக் காலி பண்ணி வைங்க.

அந்த எத்தனால்ல எங்க மக்காச்சோளமும் இருக்கு. ஆலைங்க வாங்க ஆரம்பிச்சதுல விலை கொஞ்சம் நிமிர்ந்தது, நாமக்கல் கோழிப்பண்ணைக்காரங்க தீவனம் ஏறிப்போச்சுன்னு கத்துறாங்க. சோளம் வித்த காசுலதான் நானும் மாப்பிள்ளைக்கு ஒரு செட் ஜெட் வாங்கிக் கொடுத்தேன்.

எங்க பட்டறையில அப்போ ஜெட் கேட்ட உடனே கிடைக்காது. ஓட்டையை ஈயத்தால அடைச்சுட்டு, மெல்லிசு துளைக்கம்பியைக் கையாலயே உருட்டி உருட்டி வேணுங்கிற அளவுக்குத் திறப்பார் மேஸ்திரி. வெளிச்சத்துக்கு நேராப் பிடிச்சு ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். அப்படித் திறந்த ஜெட்டுங்க மேல நம்பரைக் கோணல் மாணலா ஆணியால கீறியிருப்பார். பட்டறையை மூடினப்போ அந்த டப்பாவை என்கிட்ட கொடுத்தார், ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி போட்டது. 40, 50 இருக்கும். மாப்பிள்ளை ரெண்டு எடுத்துட்டுப் போனான். 24 எம்எம் கார்புரேட்டர்ல இப்போ ஓடுறது அதுல ஒண்ணுதான். கடையில வாங்கின செட் இன்னும் பிரிக்காமலே கிடக்கு.